ஜோசஃபின் தேர்ந்தெடுத்த மூன்று சந்தைகள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில், பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிக அலுவலகம் ஒன்றைத் தேசிகன் நடத்தினார். அங்கே ஜோசஃபினுக்கு டெர்மினல் வேலை. வாடிக்கையாளர்கள் போனில் சொல்வதைக் கணினியில் தட்ட வேண்டும், அவ்வளவுதான். 2004இல் அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

ஏறும் சரக்கை அவசரமாக விற்றுவிட்டு, இறங்கும் சரக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைத் தினமும் பார்த்து, தனக்கென்று ஒரு விதி எழுதிக்கொண்டாள். கடந்த இருபது நாள் உச்சத்தை விலை தாண்டினால் வாங்குவது; பத்து நாள் தாழ்வுக்குக் கீழே போனால் விற்பது. சொந்தச் சேமிப்போடு மிளகில் இறங்கினாள். மூன்று முறை வாங்கினாள்; மூன்று முறையும் விலை உச்சத்தைத் தாண்டிய கையோடு திரும்பியது. கடைசி முறை விற்கப் போனபோது வாங்க ஆளே இல்லை.

விதியையே கிழித்துப் போட நினைத்தாள். மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கப்பன் பூங்கா நூலகத்துக்குப் போய், பழைய பத்திரிகைகளிலிருந்து பதினான்கு சரக்குகளின் விலையை வரைபடத் தாளில் குறித்தாள். ஏழு மாதத்தில் விஷயம் தெளிந்தது. ஒரு மழைச் செய்திக்கே துள்ளி விழும் சரக்குக்கு இந்த விதி ஒத்துவராது. உலகம் முழுக்கக் கைமாறும் சரக்கோ, ஒரு பக்கம் கிளம்பினால் மாதக்கணக்கில் போகிறது. வெள்ளி பெரும்பாலும் தங்கத்தின் பின்னாலேயே நடந்தது, அதை விட்டாள். தங்கம், செம்பு, கச்சா எண்ணெய் மட்டும் மிஞ்சின.

"மிளகுன்னா குடகுல நமக்கு விசாரிக்க ஆள் இருக்கு. செம்பப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் தேசிகன்.

"ஒண்ணும் தெரியாது சார். கிளம்புச்சுன்னா சட்டுனு திரும்பாது, அது தெரியும்."

2005 கடைசியில் செம்பு வாங்கினாள். விலை ஏறியது. நடுவில் ஒருமுறை விதி அவளை வெளியே தள்ளியது. மறுபடி உள்ளே வந்தாள். ஏப்ரலில் தேசிகன் பொறுமை இழந்தார்.

"வித்துடுங்கம்மா. இதுக்கு மேல எங்க போவும்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். ஆனா இன்னும் விக்கற நாள் வரல."

விற்காமல் உட்கார்ந்திருந்தாள். விலை இறங்கத் தொடங்கி விதிப்படி அவள் விற்றபோதுகூட, முதலில் வாங்கியதைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2008இல் கச்சா எண்ணெய் சரிந்தது. அதே விதியைத் திருப்பிப் போட்டு, இருபது நாள் தாழ்வு உடைந்ததும், கையில் இல்லாத எண்ணெயைப் பின்னால் மலிவாக வாங்கி ஈடுகட்டலாம் என்று முதலில் விற்றாள். நான்கு மாதம் விலையோடு கீழே இறங்கினாள். ஊரே கைபிசைந்து நின்ற அந்த ஆண்டுதான் அவளுக்கு ஆகச் சிறந்த ஆண்டு.

அடுத்த பொங்கலுக்கு வேலையை விட்டாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டு முன்னறையிலேயே, பிறர் பணத்தையும் தன் விதிப்படி வணிகம் செய்துதரும் அலுவலகம் திறந்து, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பலகை மாட்டினாள். முதல் வாடிக்கையாளராகத் தேசிகன் வந்து, கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.