வேலியில் ஐம்பது வீத வரி

என் மச்சான் பக்கீர் முகைதீனுக்கு இந்தியாவில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த நாட்டைப் பற்றி அவருக்கு இருந்த கவலை அங்கே இருப்பவர்களுக்கே இருக்குமோ தெரியாது. கல்முனைக் கடைத்தெருவில் நெடுங்காலம் இடுப்பில் உடுக்கும் சாறன் விற்கும் கடை வைத்திருந்தவர். அங்கே நூலுக்கு வரி கூடினால் இங்கே சாறன் விலை கூடும். அப்படிப் பிடித்த பழக்கம். கடையை மருமகன் அஸ்பாக்கிடம் கொடுத்த பிறகும், இந்தியாவை அவர் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

பிறகு இரண்டு கண்ணிலும் வெண்புரை விழுந்தது. தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்து அவருக்குத் தெரியாது. அவர் மனைவி, என் ராத்தா சுபைறா, குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பாள். அதே வளவில் குடியிருக்கும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் செய்தி ஓடிவிடும்.

“என்னவாம் புள்ள?”

“இந்தியாச் சாமானுக்கு... அமெரிக்கா... ஐம்பது வீதம் வரி...”

“எந்தச் சாமானுக்கு?”

“அது போயிட்டு, மச்சான்.”

அன்று அவர் சோறு தின்னவில்லை. கண்ணுக்குள் வைக்கும் வில்லை இந்தியாவில் இருந்து வருவது என்று கிளினிக்கில் ஒரு தாதி சொல்லியிருந்தார். “இந்தியா கோவத்துல எல்லாத்தையும் நிப்பாட்டினா என்ட கண்ணுட கதி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்தியரோ இந்தியாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கினால்தான் சத்திரசிகிச்சை என்றார். அதை மச்சான் உள்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட்டார்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் றோசா அக்காவின் வீடு. பெருநாளுக்கு இங்கிருந்து இனிப்புத் தொதல் போகும். நத்தார் பண்டிகைக்கு அங்கிருந்து கேக் வரும். இடையிலும் ஏதாவது போய்வரும். போன தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் வழக்கம். தட்டுத் தூக்குவது நான். ஒருநாள் வேலிக் கடவையில் மச்சான் குறுக்கே நின்றார்.

“நில்லு. தட்டுல என்ன?”

“கேக், மச்சான்.”

“நம்மட ஊட்டுல இருந்து என்ன போன?”

“தொதல். நாலு துண்டு.”

“வந்த?”

“எட்டு.”

“பாத்தியா, வர்த்தகப் பற்றாக்குறை! இப்பிடியே போனா நம்மட குசினி படுத்திரும்.”

அந்த இடத்திலேயே ஐம்பது வீத இறக்குமதி வரி விதித்தார். வரியாக நான்கு துண்டு கேக்கை நின்ற நிலையில் சாப்பிட்டார்.

சத்தம் கேட்டு ராத்தா அகப்பையோடு ஓடிவந்தாள். “சீனி வருத்தக்காரன் கேக் தின்னுறீங்களே, அல்லாஹ்வே!”

“தின்னல்ல புள்ள. அறவிடுறன்.”

அதன் பிறகு லட்டு, பயற்றம் பணியாரம், பால் ரொபி என்று எதுவும் வரி கட்டாமல் வேலி தாண்டவில்லை. அடுத்த கிளினிக்கில் சீனி முன்னையதைவிட ஏறியிருந்தது. இப்படியே போனால் சத்திரசிகிச்சைப் பேச்சே வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மச்சான் அதற்குப் பணவீக்கம் என்று பெயர் வைத்தார்.

ராத்தா வேலியடியில் நின்று அழுதாள். “தேத்தண்ணிய கோப்பைக்குப் பக்கத்துல ஊத்துறாரு றோசா. நேத்து தென்ன மரத்துக்கு ஸலாம் சொன்ன. முழுக்க இருட்டினா நான் என்ன செய்வன்?”

“நான் தட்டு அனுப்பாம உடட்டா?”

“நீ நிப்பாட்டினா கடையில போய்த் தின்பாரு.”

றோசா அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். “அப்ப நிப்பாட்டத் தேவல்ல. அவர்ட சட்டப்படியே அனுப்புவம்.”

அடுத்த நாள் தட்டு நிறையக் கசப்புக் குறிஞ்சா இலைச் சுண்டல் வந்தது. மச்சான் மணந்து பார்த்தார். முகம் சுருங்கிற்று.

“இதுக்கு வரிவிலக்கு. கொண்டு போ.”

வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது. “என்ன நானா, கேக்குக்கு ஒரு சட்டம், குறிஞ்சாவுக்கு ஒரு சட்டமா? சாமான் பாத்தா வரி போடுற?”

தன் அரசாங்கத்தைப் பாரபட்சமானது என்று ஒரு பெண் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாதியை விழுங்கினார். மறுநாள் பாவற்காய். அதற்கு மறுநாள் வல்லாரைக் கஞ்சி, பெரிய கோப்பையில். பதிலுக்கு ராத்தா வீட்டில் இருந்த தொதலையும் மஸ்கட் அல்வாவையும் ஒன்று விடாமல் றோசா அக்காவுக்கு அனுப்பினாள்.

“ஏற்றுமதி கூடியிருக்கு, மச்சான்,” என்றேன்.

“நல்லம்,” என்றார். தொதல் போன திசையை, கண் தெரிந்த மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அது அதிக தூரம் இல்லை.

சீனி இறங்கிற்று. வைத்தியர் திகதி கொடுத்தார். “நான் போட்ட வரிதான் டொக்டர் காரணம்,” என்று மச்சான் விளங்கப்படுத்தினார். வைத்தியர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தியாவும் கோபிக்கவில்லை. வில்லை வந்து, வலது கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள் நான் வழக்கம்போல் தட்டோடு வந்தேன். மச்சான் மூடியைத் தூக்கினார். புதுக் கண்ணுக்கு ஒவ்வொரு இலையும் நரம்போடு தெரிந்தது. நேரே வேலிக்குப் போனார்.

“றோசா, வரியெல்லாம் போதும். ரெண்டு ஊடும் பேச்சுவார்த்தைக்கு வருவம்.”

“வரலாம் நானா,” என்றார் றோசா அக்கா. “இடது கண்ணும் முடியட்டும்.”

மச்சான் திரும்பி வந்து பாதியைச் சாப்பிட்டார்.