லூர்துசாமியின் கையெழுத்து

கடக்வாஸ்லா பக்கம் ஓர் அரசு வளாகம். அதன் பம்பு ஹவுஸில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் லூர்துசாமி. படிப்பு பத்தாம் வகுப்பு. தளேகாவ் ஃபாக்டரி ஒன்றில் மோட்டார்களைக் கழற்றி மாட்டியே தொழில் கற்றவர். மனைவி இறந்த பிறகு கட்கியில் ஒற்றை அறையில் இருந்தார். பேச ஆளில்லாததால் பம்புகளோடு பேசுவார். அவையும் பதில் சொல்லும். சத்தத்தை வைத்தே எது மக்கர் பண்ணப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். டெண்டருக்கு உதவும். பம்புகளைப் பராமரிக்கிற காண்ட்ராக்டர் ஒரு பொறியியல் பட்டதாரியை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் ஸ்ரீவத்சன் என்பவரின் சான்றிதழை வாங்கிக் காட்டிவிட்டார். ஸ்ரீவத்சனோ ஹடப்சரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பம்பு ஹவுஸுக்கு ஒரே ஒரு தடவை வந்தார். பாத்ரூம் எங்கே என்று கேட்டார், போய்விட்டார். 1993இலிருந்து தினமும் பதிவேட்டை எழுதி, கீழே 'ஸ்ரீவத்சன்' என்று கையெழுத்துப் போட்டதும் லூர்துசாமிதான். முதல் மாதம் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

2004இல் புது டெண்டரில் ஒரு வரி சேர்ந்தது: பட்டம், அல்லது நேரில் சோதித்து உறுதி செய்த திறமை. வளாகத்து இன்ஜினியர் ஜம்புநாதன் மல்லுக்கட்டிச் சேர்த்த வரி அது. அவரே வந்து சொன்னார்.

"நாளைக்கு கமிட்டி வருது, லூர்து. அவங்க முன்னாடி வேலையச் செஞ்சு காட்டுங்க. இனிமே பதிவேட்டுல உங்க பேரே இருக்கலாம்."

"நம்ம பேரு பேப்பர்ல வருமா சார்?"

"வரும்."

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். லூர்துசாமி இரண்டாம் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். பேரிங் போய்விட்டது, நாலு நாள் தாங்காது என்றார். கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி. கமிட்டித் தலைவருக்கு வாயெல்லாம் பல். அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதுவே அத்தாட்சி என்றார்.

லூர்துசாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எழுதினார். அதே சூட்டில் கையெழுத்தும் போட்டார்.

தலைவர் குனிந்து படித்தார். "யார் இந்த ஸ்ரீவத்சன்?" என்று இந்தியில் கேட்டார்.

ஜம்புநாதன் சுவரைப் பார்த்தார். தலைவர் பழைய பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் ஒரே கை. பொய்க் கையெழுத்துப் போட்ட ஆளை எப்படி உறுதி செய்வது? புகார் எழுதாமல் விட்டதே பெரிய மனசு. காண்ட்ராக்டர் வேறொரு பட்டதாரியின் சான்றிதழைத் தேடிப் போனார். அன்றைக்கே இரண்டாம் பம்புக்குப் புது பேரிங் மாட்டியது லூர்துசாமிதான். வேறு யாருக்கும் மாட்டத் தெரியாதே.

அறைக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதிப் பார்த்தார். கோணல் இல்லை, திருத்தம் இல்லை. காட்டுவதற்குத்தான் ஒருவரும் இல்லை.