தம்புசாமி செய்து முடித்த கத்தி

பிரிக்பீல்ட்ஸ் தம்புசாமி கை வைத்த பொருள் எதுவும் உருப்பட்டதில்லை. தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டு ரேடியோவைப் பிரித்துப் பூட்டினார். ஒரு கைப்பிடி திருகாணி மிஞ்சியது, ரேடியோ அதன் பிறகு பேசவில்லை. அவர் அடித்த அலமாரியில் எதை வைத்தாலும் மெல்ல இடது பக்கமாக நகர்ந்து போகும். மனைவி சந்திரகலா அதில் ஊறுகாய் ஜாடி வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

மனுஷருக்கு இதிலெல்லாம் வெட்கம் கிடையாது. வெட்கம் வந்தது கிள்ளானில்தான். ஒரே மகள் சீதாலெட்சுமியை அங்கே ரெங்கசாமி வீட்டில் கொடுத்திருந்தார். சம்பந்தி ரெங்கசாமிக்குத் துறைமுகத்தில் சூப்பர்வைசர் வேலை. ஏதோ ஒரு கப்பல்காரன் கொடுத்த மடக்குக்கத்தி எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். கத்தரி, போத்தல் திறப்பான், பல் குத்த ஊசி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆரஞ்சு உரிக்கும் சாக்கில் நாலு பேர் முன்னால் அதை விரித்து, "என்ன சம்பந்தி, இதையும் கழட்டிப் பூட்டிப் பாக்குறீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தம்புசாமியும் கூடச் சிரித்து வைப்பார். சீதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்கி எடுத்து உள்ளே போய்விடுவாள். அந்தக் குனிந்த தலைதான் தம்புசாமியை அறுத்தது.

பேரனின் முதல் பிறந்தநாள் நெருங்கியபோது அவர் தீர்மானித்துவிட்டார். தன் கையால் ஒரு மடக்குக்கத்தி செய்ய வேண்டும், கேக்கை அதில்தான் வெட்ட வேண்டும், மகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆர்வக் கோளாறில் சம்பந்திக்கே டெலிபோன் போட்டு இதைச் சொல்லியும் தொலைத்தார். மறுநாள் சீதா கூப்பிட்டாள்.

"அப்பா, இந்தத் தடவ ஒண்ணும் செய்ய வேணாம்பா. நீங்க சும்மா வாங்க, போதும் லா."

அந்தப் 'போதும்' அவர் நெஞ்சில் தைத்தது. செய்தே தீருவது என்று ஆகிவிட்டது.

செலாயாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த ரம்பத் தகடு கிடைத்தது. கைப்பிடிக்கு மரம் தேடியவர், வாலிபத்தில் ஆடிய ஹாக்கி மட்டையைக் கட்டிலடியிலிருந்து இழுத்தார். "ஒரே ஒரு கோல் அடிச்ச மட்டதானே?" என்றாள் சந்திரகலா. அதை அறுக்கும்போது அவருக்குக் கொஞ்சம் கண் கலங்கத்தான் செய்தது. குசினி வாசலில் குந்தி உட்கார்ந்து, தகட்டை அரத்தால் ராவி ராவிக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். காயப்போட்ட துணியெல்லாம் இரும்புத் தூள். கத்தி மடங்கிப் படுக்க மரத்தின் நடுவே நீளமாக ஒரு பிளவு அறுத்தார். ஒரு பித்தளை ஆணியைக் குறுக்கே செருகிப் பார்த்தால், ஆச்சரியம், கத்தி மடங்கியது, விரிந்தது. சந்திரகலா ஒரு வெங்காயத்தை அரிந்து பார்த்து, "நல்லாத்தாங்க வெட்டுது" என்றாள். கல்யாணமாகி அவள் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷருக்கு விடத் தெரிந்தால்தானே. மடக்கினால் கத்தியின் முதுகு ஓர் அரிசி கனத்துக்கு மரத்துக்கு வெளியே தெரிந்தது. அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறந்தநாள் அன்று காலையில் ஆணியை உருவிப் பிளவை இன்னும் ஆழமாக அறுத்தார். ஆணியைத் திரும்பச் செருகி, அதன் இரண்டு முனையையும் சுத்தியலால் தட்டித் தட்டி நசுக்கி இறுக்கினார். மெதுவாக மடக்கினார். 'டக்' என்று கத்தி மரத்துக்குள் முழுசாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

அழகென்றால் அவ்வளவு அழகு. திறக்கத்தான் முடியவில்லை. பிடித்து இழுக்க ஒரு நூல் இடமில்லை. சம்பந்தியின் கத்தியில் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதை இவர் இத்தனை நாளும் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தார். நகத்தால் சுரண்டினார், தரையில் தட்டினார், முருகனைக் கூப்பிட்டார். வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

கிள்ளானில் கேக் மேல் மெழுகுவத்தி எரிந்து அணைந்தது. "எங்க சம்பந்தி, உங்க கத்தி?" என்றார் ரெங்கசாமி.

"கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்று சொல்லித் தம்புசாமி எடுத்து நீட்டினார்.

ரெங்கசாமி நகம் வைத்தார், நகம்தான் பிய்ந்தது. மாப்பிள்ளை பாலன் முயன்று பார்த்தான். பக்கத்து வீட்டு லோரி டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினார். கடைசியில் ரெங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கப்பல் கத்தியை விரித்து அதன் நுனியை இடுக்கில் விட்டு ஒரே நெம்பாக நெம்பினார். 'டிக்'. கப்பல் கத்தியின் நுனி உடைந்து விழுந்தது. கேக்கை, பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் கத்தியால் வெட்டினார்கள்.

தம்புசாமி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் கேக் துண்டு அப்படியே இருந்தது. மகள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. செய்ததும் போதாதென்று சம்பந்தியின் கத்தியையும் கெடுத்தாயிற்று.

அப்போது மேசைக்கடியில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. பேரன் தாத்தாவின் கத்தியை எடுத்துத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். தட்டி அலுத்ததும் வாயில் வைத்துக் கடித்தான்.

"ஐயோ, கத்தி லா அது, புடுங்குங்க" என்று பதறினார் ரெங்கசாமி.

சீதா நகரவில்லை. நிமிர்ந்து நின்று, "விடுங்க மாமா. மூணு ஆம்பளைங்க முக்கியும் தொறக்கல. இந்த வீட்டுல புள்ள கையில நம்பிக் குடுக்கக்கூடிய கத்தி எங்கப்பா செஞ்சது ஒண்ணுதான்" என்றாள்.

முதலில் சிரித்தது ரெங்கசாமிதான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சீதாவும் சிரித்தாள். தம்புசாமி கேக்கை முழுசாகச் சாப்பிட்டு, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

அவர் அதோடு சும்மா இருந்துவிடவில்லை. தவறு எங்கே என்று யோசித்துக் கண்டுபிடித்து, ஒரு சின்ன அரத்தோடு அடுத்த மாதம் கிள்ளானில் போய் இறங்கினார். மரத்தின் ஓரத்தை விரல் நுழையும் அளவுக்கு ராவினால் போதும், கத்தி வெளியே வந்துவிடும். பேரன் புதுப்பல்லால் கத்தியின் ஹாக்கி மட்டைக் கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சீதா அரத்தை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரி உச்சியில் வைத்தாள்.

"அப்பா, நீங்க செஞ்சதுலயே முழுசா முடிஞ்சது இது ஒண்ணுதான். தயவு செஞ்சு தொட்டுறாதீங்க."