வேப்பிலையும் என் மூஞ்சியும்

நாலு வகுப்பை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வாத்தியார் வேலை என்பது தெரியாததைத் தெரிந்தவன் மாதிரி நின்று சொல்கிற வேலை. அந்த வேலையில் எனக்கு முதலில் துரோகம் செய்தவர் தலைமையாசிரியர் ஏகாம்பரம். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

ஒரே ஒரு தாள்

ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூருக்கு நாலு மைல் தள்ளி ஓர் ஓட்டுப் பள்ளிக்கூடம். ஏகாம்பரமும் நானும்தான் வாத்தியார்கள். நான் எட்டாவது தேறி, டிரெயினிங் முடித்தவன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி என்று எனக்குத்தான் கடிதம் வந்தது. 'நீ சின்னப் பையன், உனக்கெதுக்கு அலைச்சல்' என்று அவரே போனார். போய், சாப்பிட்டு, கோயில் பார்த்து, வீட்டம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு தாளைக் கொடுத்தார். 'சமச்சீர்: செய்து கற்றல்' என்று மேலே போட்டிருந்தது.

"இன்னாங்க ஐயா இது?" என்றேன்.

"ஒரு உருவத்தை நடுவுல மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா பொருந்தணும். அவ்ளோதான். அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வந்து இதைத்தான் பார்ப்பாராம். நல்லபடியா ஒரு வரி எழுதிட்டார்னா நீ இங்கியே பர்மனென்டு. இல்லேன்னா உன்னை ஆத்துக்கு அந்தாண்ட மாத்திடுவாங்க."

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். செய்யாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அந்தக் கரைக்குப் போனவன் நாலைந்து நாள் வீடு திரும்ப முடியாது. என் முகம் வாடிவிட்டது. ஏகாம்பரம் என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"பயப்படாதே தணிகாசலம், உன் பேரைச் சொல்லி எழுத வெக்கிறது என் பொறுப்பு."

நாற்பது இலை

எந்த இலையையும் நடு நரம்பில் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்தும் என்று தாளில் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் இருந்த ஒரே மரம் வேப்பமரம். ஆளுக்கு ஓர் இலை கிள்ளி வந்து மடிக்கச் சொன்னேன். ஒருவனுக்கும் பொருந்தவில்லை. ஒரு பக்கம் அகலமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றது. 'மடிக்கத் தெரியாத பசங்க' என்று திட்டிவிட்டு நானே மடித்தேன். பத்து இலை, இருபது இலை, நாற்பது இலை. கை கசந்ததுதான் மிச்சம். நிமிர்ந்து பார்த்தால் மரத்தின் கீழ்க்கிளைகள் மொட்டையாக இருந்தன.

வேப்பிலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்பது, தினம் அதன் குச்சியில் பல் விளக்கிய எனக்கு அன்றுவரை தெரியாது. மூன்றாம் வகுப்பு பூங்காவனம் ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க மடிக்கிறது சரிதான் சார், இலைக்கே ஒரு பக்கம் தோள் எறங்கிக்கீது, ஏர் தூக்கித் தூக்கி எங்க நைனாவுக்கும் இப்பிடித்தான்."

ஒற்றைச் சட்டை

இலை வேண்டாம், மை என்று முடிவு செய்தேன். தாளில் ஒரு சொட்டு மை விட்டு மடித்து அழுத்தினால் பட்டாம்பூச்சி மாதிரி ஓர் உருவம் வரும். மை மாத்திரையைக் கரைத்து ஒரு கொட்டாங்கச்சி நிறைய மை செய்தேன். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். தாள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. தாளோடு பாடமும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு நான் முதல் வகுப்புப் பக்கம் திரும்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் காலை கன்னியப்பனின் அம்மா நடவுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாள். கையில் மகனுடைய சட்டை. அவனுக்கு இருந்ததே அது ஒன்றுதான். பையன் அதன் மார்புப் பக்கத்தில் மையைக் கொட்டி, நடுவில் மடித்து, மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறான். சொல்லக்கூடாது, உருவம் அழகாகத்தான் வந்திருந்தது. பள்ளிக்கூடத்திலேயே அவ்வளவு சரியாக வந்த முதல் சமச்சீர் அதுதான். வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். அவள் சட்டையை என் மேஜைமேல் விரித்தாள்.

"ஒரு பக்கம் கறைன்னா தேச்சிப் பார்ப்பேன் வாத்தியாரே, நீ ரெண்டு பக்கமும் ஒண்ணா பண்ணிக் குடுத்திருக்கியே, நான் எந்தப் பக்கத்தைத் தேய்க்கிறது?"

என் சட்டை ஒன்றை வெட்டித் தைத்து அவனுக்குக் கொடுத்தேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

சவரக் கண்ணாடி

அடுத்து கண்ணாடி. பாதிப் படத்தின் ஓரத்தில் கண்ணாடியை நிறுத்தினால் மீதிப் பாதி அதற்குள் தெரியும். சட்டம் கழன்ற என் சவரக் கண்ணாடியைக் கொண்டுபோனேன். பாதிப் பூசணிக்காய் முழுசானது. பாதித் தேர் முழுத்தேர் ஆனது. எனக்கே தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில், "மனுஷன் மூஞ்சியும் இப்படித்தான், ரெண்டு பக்கமும் ஒண்ணு" என்று சொல்லி, கண்ணாடியை என் மூக்குத்தண்டின்மேல் நட்டமாக நிறுத்தி, பிள்ளைகளை வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன்.

முதலில் வலது பக்கம் வந்து பார்த்தார்கள். பிறகு கண்ணாடியைத் திருப்பி நிறுத்தினேன், இடது பக்கம் வந்தார்கள். சிரிப்பு கிளம்பியது. தாங்க முடியாமல் ஏகாம்பரமும் எழுந்து வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். 'இன்னாடி சிரிப்பு?' என்று பூங்காவனத்தை அதட்டினேன்.

"சோத்தாங்கைப் பக்கம் பார்த்தா சிரிக்கிறீங்க சார், பீச்சாங்கைப் பக்கம் பார்த்தா அழுவுறீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். பெண் பார்க்க வந்த அன்றே தெரியும் என்றாள்.

இளநீர்

இன்ஸ்பெக்டர் வந்தார். பூவரச இலை, வெட்டின காகிதம் எல்லாம் தயார். பாடத்தைத் தொடங்க வாயைத் திறக்கிறேன், ஏகாம்பரம் என் காதோரம் வந்து, "ஐயாவுக்கு இளநீ கொண்டாப்பா, ஓடு" என்றார். தோப்பு அரை மைல். ஓடினேன். காய் வெட்டச் சொல்லி, இரண்டு கையிலும் குலையைத் தூக்கிக்கொண்டு இரைக்க இரைக்கத் திரும்பியபோது உள்ளே இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்:

"பொருந்துகிற பொருளை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். பொருந்தாத பொருள் ஏதாவது சொல்லுங்கள், பார்ப்போம்."

"வேப்பிலை!" என்று நாற்பது குரல். பூங்காவனம் எழுந்து தோள் இறங்கியதைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் வாசலுக்கே வந்து, மறுபடி துளிர்த்திருந்த கிளையில் ஓர் இலையைப் பறித்து மடித்துப் பார்த்து, அசந்து நின்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. "வேறே?" என்றார்.

"எங்க சார் மூஞ்சி!"

அவர் திரும்பி, இளநீரோடு நின்ற என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "உண்மைதான்" என்றார். "பொருந்தாததைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள்தான் பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைகள். யார் சொல்லிக் கொடுத்தது?"

நான் குலையைக் கீழே வைப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். 'தலைமையாசிரியரின் செய்முறைப் போதனை மிகவும் பாராட்டத்தக்கது' என்று விசிட் புத்தகத்தில் விழுந்தது. என் பெயர் இல்லை. ஜீப் போன பிறகு அவரைப் பார்த்தேன். மிச்சமிருந்த இளநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"அடுத்த வாட்டி வரச்சே உன் பேரைத்தாம்பா போடச் சொல்லப்போறேன்."

பஸ் ஸ்டாண்டு

அடுத்த வாட்டி வருவதற்குள் ஆற்றுக்கு அந்தாண்ட என்னை மாற்றிவிட்டார்கள். ஐப்பசியில் மகள் பிறந்தாள். ஆற்றில் வெள்ளம். ஆறாம் நாள்தான் முகம் பார்த்தேன்.

பல வருஷம் கழித்து, இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். நலம் விசாரித்தார். நான் விசாரிக்கவில்லை. "அந்த ஒரு வரி இன்னா ஆச்சுங்க ஐயா?" என்றேன். எந்த வரி என்று கேட்காமலே புரிந்துகொண்டார். அதில்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவர் சிரித்தார்.

"இன்னும் அதையே புடிச்சிக்கினு கீறியா? அந்தப் புஸ்தகத்தைக் கரையான் தின்னுடுச்சிப்பா, வா, டீ குடிக்கலாம்."

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மடித்தால் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் பக்கம் இருக்கிற அந்த ஒரு வரி மட்டும் இன்றுவரை என் பக்கம் வந்து சேரவில்லை.