ஒன்பது நாள் வெர்லின்

ஒரு பெயரை எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார் வெர்லின் கூசெரா. எழுத்து நேராக இருந்தால் மூக்கை உறிஞ்சுவார். கோணலாக இருந்தால் எழுதியவனைத் திட்டுவார். எழுதியவன் தானேதான் என்பது அவருக்குப் பொருட்டில்லை.

எங்கள் கல்லூரி பேஸ்பால் மைதானத்தின் சுவரில் பதினோரு பெயர்கள் இருக்கின்றன. மேலே, ‘இங்கிருந்து பெரிய லீக்குக்குப் போனவர்கள்’ என்று தலைப்பு. நெப்ராஸ்கா வெயிலும் பனியும் வருடத்துக்கொரு தடவை அவற்றைத் தின்றுவிடும். பிப்ரவரியில், கொஞ்சம் தென்காற்று வீசுகிற ஒரு பகலில், வெர்லின் தன் டயர் கடையை மூடிவிட்டு பெயிண்ட் டப்பாவோடு வந்துவிடுவார்.

அவரும் இதே மைதானத்தில் ஆடியவர்தான். இருபத்து நாலு வயதில், ஒரு செப்டம்பரில், பெரிய லீக் அணி ஒன்று அவரைக் கூப்பிட்டது. ஒன்பது நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசி நாள், கடைசி இன்னிங்ஸில், "கூசெரா, மட்டையை எடு" என்றார்கள். அடுத்த ஆள் காத்திருக்கும் வட்டத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, மட்டையைத் தோளில் சாய்த்துக் காத்திருந்தார். முன்னால் ஆடியவன் அவுட். ஆட்டமே முடிந்துபோயிற்று. மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஊரில் அவருக்கு ‘ஒன்பது நாள்’ என்றே பெயர்.

என் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் பதினொன்றரைக்கு வருவார். ஒரு கிண்ணம் சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பு, பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள் ஒன்று. ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலில் தொப்பியை வைப்பார். அது அவர் மனைவி ஜோலீனின் இடம். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

"என்ன ஒம்பது நாள், தொப்பிக்கும் ஒரு கிண்ணம் ஊத்தவா?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"அதுக்குப் பசிக்கல, லொரெய்ன்."

அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வருடம் அவர் பெயர் எழுதும் நாளில் நான் மைதானத்துக்குக் காபி கொண்டுபோனபோது, புதுக் கோச் டேரன் அங்கே நின்றிருந்தான்.

"பன்னெண்டாவதா உங்க பேரையும் எழுதிடுங்கண்ணே. கல்லூரில சொல்லிட்டேன்."

"நான் ஆடலையே, தம்பி."

"ஆடுனவங்கன்னா போட்டிருக்கு? போனவங்கன்னுதானே இருக்கு. நீங்க போனீங்கல்ல?"

வெர்லின் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தார்.

"ஜோலீனும்தான் போனா. ஒம்பது நாளும் டிக்கெட் வாங்கி உக்காந்திருந்தா. அவ பேரையும் எழுதட்டுமா?"

டேரன் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பத்தைந்து வருடமாக அடுத்தவன் பெயரையே எழுதுகிற மனிதர்!

"எழுதித் தொலையேன்யா. யாரு வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்கு இருந்தவளும் போயிட்டா."

பதினோராவது பெயரும் முடிந்தது. அதன் கீழே இன்னொரு பெயர் அளவுக்கு வெறும் சுவர் இருந்தது. வெர்லின் பிரஷ்ஷை நன்றாகத் தோய்த்து எடுத்துக்கொண்டு அதன் எதிரே வந்தார். புல்லில் ஒரு முழங்காலை ஊன்றினார். பிரஷ்ஷைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சட்டையில் பெயிண்ட் இறங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

காபி ஆறும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து டப்பாவின் மூடியைப் போட்டு, சுற்றிலும் கையால் குத்தி இறுக்கினார்.