பனிக்குள் வேர்த்த சிப்பாய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு சித்திர ஆசிரியரிடம் எண்ணெய் வர்ணம் பழகப் போனோம், நானும் இன்னொருவரும். நான் பள்ளிக்கூட வாத்தியார். அவர் நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர்; அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். அகன்ற தோள், கண்ணிமையில் எப்போதும் தவிட்டுத் தூசு.

பார்த்து வரைய இருவருக்கும் ஒரே படம்தான் கிடைத்தது. பழைய யுத்தமொன்றில் தோற்ற சிப்பாய்கள், வெண்பனிக்குள் பீரங்கியைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறார்கள். ஒவ்வொரு சிப்பாயையும் தொடங்குமுன் அவர் தூரிகையை வைத்துவிட்டு எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, இல்லாத கயிற்றைத் தோளில் போட்டு, அவனைப் போலவே குனிந்து நிற்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை பார்த்தால், அவருடைய சிப்பாய்களின் நெற்றியில் வேர்வை. மூலப்படத்தில் ஒரு சொட்டும் இல்லை.

"காக்கா, இந்தக் குளிருக்குள்ள எங்க வேர்க்கிற?" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மார்கழி மழைக்குள்ள மூட்டை தூக்கியிருக்கன் சேர். வேர்க்கும்."

நான் வரைந்தது இன்னும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இம்மியும் பிசகவில்லை என்று ஆசிரியரே மெச்சிய படம். கயிறு பிடித்த கைகள் அத்தனையும் சரி. ஆனால் அதில் ஒருவன்கூட இழுக்கவில்லை.