ஃப்ளெக்ஸில் தொங்கிய பாஸ்வேர்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை – தன் முட்டாள்தனத்தை ஃப்ளெக்ஸ் அடித்து, நாலு முனையிலும் கயிறு கட்டி, ஊர் பார்க்கத் தொங்கவிட்ட முட்டாள்.

ராமேஸ்வரம் பக்கம் ஜமீலா லாத்தா ஐஸ் கம்பெனி நடத்துகிறார். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். கடலாடி ஊர்க்காரன் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கம்பெனி வாசலை வந்து பார்க்க வேண்டும்... சும்மா கிடந்த விசைப்படகு அத்தனையும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கும். வருஷா வருஷம் அடிதடி.

‘செல்போன்லயே டோக்கன் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு தம்பி’ என்றார். வீட்டில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். விடுவேனா?

சர்வர், டேட்டாபேஸ் எதையும் கையால் உருவாக்கவில்லை. ‘எனக்கு இன்னின்னது வேண்டும்’ என்று ஒரு புரோகிராம் கோடு ஃபைலில் எழுதி ஓடவிட்டால் போதும், அதுவே இணையத்தில் எல்லாவற்றையும் கட்டி நிறுத்திவிடும். டோக்கன் வரிசையைச் சட்டென்று காட்ட ஒரு கேஷ் டேட்டாபேஸும் கேட்டிருந்தேன். கேஷ் என்றதும் பயப்பட வேண்டாம். படகில் இருக்கிற ஐஸ் பெட்டி மாதிரிதான். நடுக்கடலில் மீன் விழ விழ, கரைக்கு ஓடிவந்து ஐஸ் வாங்க முடியுமா? கைக்கு எட்டுகிற இடத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்வது.

அந்தக் கேஷுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதை அந்த ஃபைலிலேயே எழுதிவைத்தேன். எழுதக் கூடாதென்று தெரியாதா? தெரியும். ஆபீஸில் இதற்காகவே பலரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் இது நம்ம லாத்தா கம்பெனிதானே...

சரி, டோக்கன் திறப்பு விழா. ஃப்ளெக்ஸ் இல்லாமலா? பிரிண்டிங் கடைக்காரர் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, ‘சார், உங்க தலைக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் எழுத்தா ஓடட்டும். சும்மா விஞ்ஞானி மாதிரி இருப்பீக’ என்றார்.

விஞ்ஞானி! அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். என் கோடு ஃபைலையே படம் எடுத்து அனுப்பினேன். கடைக்காரர் தொழில்பக்தி உள்ளவர். எழுத்து சரியாகத் தெரியவில்லையே என்று, பெரிதாக்கிப் பச்சை கலரில் பளபளக்க விட்டார்.

படகுகள் கட்டுகிற ஜெட்டிக்கு எதிரே, கைகூப்பியபடி நான். அடியில் நின்று ஒரு செல்ஃபி எடுத்தேன். ஃப்ளெக்ஸில் நரை தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கினேன். நரை தெரியவில்லை. வலது காதுக்கு மேலே கேஷின் முகவரி தெரிந்தது. இடது காதுக்கு மேலே பாஸ்வேர்டு.

ஓடிப்போய், ஃபைலைத் தொடாமல், நேராகக் கேஷிலேயே பாஸ்வேர்டைக் கையால் மாற்றினேன். ஃப்ளெக்ஸை இறக்கியிருக்கலாம். ஆனால் நன்றாக இருந்தேனே! பாஸ்வேர்டுதான் மாறிவிட்டதே, தொங்கிவிட்டுப் போகட்டும்...

தடைக்காலத்தின் கடைசி நாள். கூட்டம் தாங்குவதற்குக் கேஷைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று, லாத்தாவின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஃபைலில் ஒரு வரியை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். இந்தக் கோடு இருக்கிறதே, மகா விசுவாசி. ஃபைலில் ஒரு பாஸ்வேர்டு, கேஷில் வேறொரு பாஸ்வேர்டு இருப்பதைப் பார்த்தது. ‘அய்யய்யோ, யாரோ கெடுத்துவைத்திருக்கிறார்கள்’ என்று, ஃப்ளெக்ஸில் இருந்த பழையதையே பக்குவமாகத் திரும்பப் போட்டுவிட்டது. எல்லாம் ஒழுங்காக ஓடியது. நானும் டீ குடித்தேன்.

வாசலில் கூச்சல். ‘தம்பி, இங்கன வந்து டிவியப் பாரு!’ – லாத்தா.

டோக்கன் வரிசை ஓடுகிற டிவி. முதல் டோக்கன், சேவியர். அடுத்தது, சேவியர். அதற்கடுத்தது... வேண்டாம், கடைசிவரை சேவியர். ‘ஏலே, எத்தன சேவியருடா இருக்கான் இந்த ஊருல?’ என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

லாத்தாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘விடியுமுன்ன இத்தன போட்டும் கெளம்பணும் தம்பி. ஐஸ் இல்லாமப் போனா அவுக மீனு நாறும், அதுக்கு முன்னாடி என் பேரு நாறும். அடுத்த கம்பெனிக்குப் போயிட்டாகன்னா ஒருத்தன் திரும்பி வரமாட்டான்.’

படகுக்காரர் சேவியரைப் பிடித்துவந்தார்கள். முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை.

‘அண்ணந்தான லாத்தா போர்டுல போட்டிருந்தாக? முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிறாக. வாங்க வாங்கன்னு கூப்புடுறாகன்னு நெனச்சேன்.’

‘அதுக்குள்ள எப்படிப்பா போன?’ என்றேன்.

‘நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தாண்ணே. போன வாரம் அடிச்சுப் பாத்தேன், ஏறல. இன்னைக்கு ஏறிருச்சு.’

‘சரி, ஒரு டோக்கன் போதாதா?’

‘ஒண்ணுதாண்ணே போட நெனச்சேன். திரும்பத் திரும்பப் போடுற மாதிரி சுத்தவிட்ட லூப்பு நிக்கல.’

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ஃபைலிலிருந்து பாஸ்வேர்டை எடுத்தேன். ‘கன்னாபின்னாவென்று நீயே ஒன்றை உருவாக்கு, ரகசியப் பெட்டகத்தில் வை, டோக்கன் புரோகிராம் கேட்டால் மட்டும் கொடு’ – இவ்வளவுதான் எழுதினேன். வெளியிலிருந்து கேஷுக்கு வருகிற வழியையும் அடைத்தேன். இனி அந்த ஃபைலை பஸ் பின்னால்கூட ஒட்டலாம்!

நல்லவேளை, கேஷ் வெறும் ஐஸ் பெட்டி. உண்மையான டோக்கன் கணக்கு பெரிய டேட்டாபேஸில் அப்படியே இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அங்கிருந்து மறுபடி நிரப்பினேன். டிவியில் மற்றவர்களும் தலைகாட்டினார்கள். சேவியர் தன் சொந்த இடத்துக்கே போனார் – வரிசையின் வால்.

மனுஷனுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு எப்படியும் வெளியே வந்துவிடும். வாய் வழியாக வராவிட்டால் பெருமை வழியாக வரும்.

ஐஸ் உடைபட ஆரம்பித்தது. முதல் படகுக்கு ஏற்றிவிட்டு வந்த லாத்தா, என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

‘இப்பப் பாஸ்வேர்டு என்ன தம்பி?’

‘எனக்கே தெரியாது லாத்தா.’

‘அல்ஹம்துலில்லாஹ்.’